தண்ணீருக்கு மேல் தெரிந்த சிவப்பு

அக்டோபர் 3, வியாழன்

ஆதிரை தூங்கிவிட்டாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு சீராக வருகிறது.

மர டிப்போவில் இன்று தேக்குச் சிம்பு ஒரு சாக்கு கிடைத்தது. ஜன்னல் சட்டம் அறுத்தது போக மிஞ்சியவை. அடுப்புக்கா என்று கேட்டார் கடைக்காரர். கப்பல் செய்ய என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டோக்காரர்தான் வீடு வரை கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இசக்கி வேலை பார்க்கும் கப்பல், எம்.வி. ஆல்மா டோன். நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்தால் ஒரு மீட்டர் நீளம் வரும். பிப்ரவரியில் அவர் ஏறிப் போனபோது ஆதிரைக்குக் கழுத்தே நிற்கவில்லை. இப்போது அப்பா எங்கே என்றால் போனை எட்டிப் பிடிக்கிறாள். அப்பா போனுக்குள் இருக்கிறவர் இல்லை, இதோ இப்படி ஒன்றில் இருக்கிறார் என்று அவள் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டாமா?

துணி துவைக்கிற பால்கனிதான் பட்டறை. கட்டடக்கலை படித்த ஐந்து வருடத்தில் வாங்கிய நுண் ரம்பம், கை டிரில், உள்ளங்கை அளவு இழைப்புளி எல்லாம் கருப்பசாமி படத்துக்குப் பின்னால் இருந்த பெட்டியில் பத்திரமாக இருந்தன. விதிகள்: பால்கனிக் கதவு சாத்தியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து, நைட்டி மாற்றி, அதன்பிறகுதான் பிள்ளையைத் தொட வேண்டும். மரத்தூள் அவள் நெஞ்சுக்குள் போய்விட்டால் என்ன செய்வேன்?

அக்டோபர் 6, ஞாயிறு

உடன்குடியிலிருந்து அத்தை, இசக்கியின் அம்மா, வந்தார்கள், கருப்பட்டியோடு. ஞாயிறுதோறும் முதல் கேள்வி மாத்திரை சாப்பிட்டாயா என்பதுதான். சாப்பிட்டேன் என்றேன். பிரசவத்துக்குப் பிறகு நான் தூங்காமல் கிடந்த மாதங்களை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

நிறுத்தி வைத்திருந்த குறுக்குச் சட்டங்களைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "சாப்பிட்டுப் போட்ட மீன் முள்ளு மாதிரியில்லா இருக்கு" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மதியம் மொட்டை மாடியில் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் துணி காயப்போட ஏறியதும் குரல் மாறியது. சரிப்பா, நீ நல்லா சாப்பிடு என்று வைத்துவிட்டார்கள். கொழுந்தன் ஜெயந்திநாதன் மறுபடி சென்னை போயிருக்கிறானாம். வேலை விஷயமாம். போன மாதம்தான் ஒருமுறை போய் வந்தவன்.

அக்டோபர் 9, புதன்

இசக்கி ஏழரைக்குக் கூப்பிட்டார். முன்பெல்லாம் நடுக்கடலில் இருந்தால் பத்து நாள் பேச்சே இருக்காது. ஆகஸ்டிலிருந்து தினமும் பேசுகிறார். கப்பலில் புது நெட் வைத்திருக்கிறார்களாம். நல்ல கம்பெனி.

அவருக்குப் பதில் ஏற வேண்டிய ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம். ஒப்பந்தம் எட்டு மாதம்தானே என்றேன். அது அப்படித்தான் இழுக்கும் என்றார்.

அக்டோபர் 14, திங்கள்

முகப்பின் வளைவுக்குப் பலகை வளைய மறுக்கிறது. தேக்கு உடைகிறது. ஆவியில் வேகவைத்தால் வளையும் என்று படித்திருக்கிறேன். வீட்டில் ஆவி பிடிக்கும் குழாய் என்று ஒன்றுதான் உண்டு. புட்டுக் குழல். மெல்லிய துண்டுகளை நறுக்கி அதற்குள் நிறுத்தி, குக்கர் மேல் வைத்துக் கால் மணி நேரம் வேகவைத்தேன். எடுத்ததும் வெற்றிலை போலக் கைக்கு வளைந்தது. சட்டத்தோடு சேர்த்துத் துணிக் கிளிப் மாட்டிவிட்டேன்.

கீழ் வீட்டு செலஸ்டின் அக்கா வாசனை பிடித்து ஏறி வந்துவிட்டார்.

"புட்டா தங்கச்சி? ஒரு துண்டு எனக்கும் வையேன்."

குழலைத் திறந்து காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இதுக்கு எந்தப் பழம் தொட்டுக்கணும் என்று கேட்டார். வெகு நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஆதிரைகூட விழித்துக்கொண்டாள்.

அவருடைய தம்பியும் கப்பலில் இருக்கிறார். போகும்போது படியில் நின்று, ஒன் வீட்டுக்காரவிய என்ன சொல்லுதாவ என்று கேட்டார். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா பக்கம் போகிறார்களாம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நல்லது தங்கச்சி என்று இறங்கிப் போனார். சாயங்காலம் ஒரு சட்டி நிறைய சீலா மீன் குழம்பு மேலே வந்தது. நான் கேட்கவே இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

வலது பக்கம் முழுக்கப் பலகை அடித்து முடித்துவிட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு கன்னம் போல இருக்கிறது. தடவிக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 23, புதன்

காலையில் பார்த்தால் கப்பல் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்கிறது.

வலதில் ஒன்று, இடதில் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்திருக்க வேண்டும். ஒரே பக்கம் அடித்ததால் பசை காயக் காய அந்தப் பக்கமே இழுத்து, முதுகெலும்பு முறுக்கிக்கொண்டது. எந்தப் புத்தகத்திலும் முதல் பாடம் இது. நானும் படித்திருக்கிறேன். ஆனால் இசக்கி அனுப்பிய படங்களில் வலது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. தெரிந்ததை முதலில் செய்வோம் என்று இறங்கிவிட்டேன்.

வெந்நீர்த் துணி வைத்துப் பசையை இளக்கி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஆதிரை கதவைத் தட்டித் தட்டி அழுதாள். குளித்துவிட்டுத்தானே தூக்க முடியும்? அவசரத்தில் சோப்பு கண்ணில் பட்டுவிட்டது.

ராத்திரி அவரிடம் இடது பக்கப் படம் ஒன்று வேண்டும் என்றேன். ரெண்டு பக்கமும் ஒன்றுதானே, இதுக்கு என்ன படம் என்றார். ஏணி, குழாய், நங்கூரம் எல்லாம் ஒன்றாகவா இருக்கும்? பார்க்கிறேன் என்றார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

அத்தை வீட்டுக்குப் போகவில்லை. பட்டாசுப் புகை பிள்ளைக்கு ஆகாது. ஜன்னலெல்லாம் சாத்தி, அவள் காதில் பஞ்சு வைத்து, மடியிலேயே வைத்திருந்தேன்.

கப்பலில் மட்டன் பிரியாணி என்றார் இசக்கி, போனில். பின்னால் யாரோ உரக்கச் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்றேன். நெட் சரியில்லை, நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 8, வெள்ளி

இடது பக்கப் படம் வந்துவிட்டது! இரண்டு. சாமான் கொண்டுவந்த படகில் ஏறி எடுத்தாராம். போன வாரம் ஒன்று, நேற்று ஒன்று. வேறு வேறு துறைமுகமாம். இரண்டிலும் மேலே வானமே தெரியாத அளவுக்கு வெட்டியிருக்கிறார். எனக்கு வேண்டியது கப்பலின் உடம்பு மட்டும்தான் என்று சொல்லியிருந்தேன், அதற்காகத்தான்.

இந்த முறை வலதில் ஒன்று, இடதில் ஒன்று.

நவம்பர் 12, செவ்வாய்

பித்தளை ஆணி ஒன்று குறைந்தது. எறும்பின் நீளம் கூட இருக்காது. டப்பாவில் ஆறு மீதம் இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தது. பால்கனித் தரையில் தவழ்ந்து பார்த்தேன். கூடத்தில் பார்த்தேன். ஆதிரை இரண்டு முறை இருமினாள். அவ்வளவுதான். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், அவள் அலறினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. நர்ஸ்தான் என் தலையிலிருந்து எதையோ உருவி, இதுவா பாருங்கம்மா என்றாள்.

கொண்டையில் செருகிக்கொண்டு இருந்திருக்கிறது.

செலஸ்டின் அக்கா சொல்லி அத்தை பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். மூச்சு இரைத்தது அவர்களுக்கு.

"இதுக்குத்தான் பிள்ள உங்கிட்ட ஒண்ணும் சொல்ல முடிய மாட்டேங்குது."

ஆட்டோவில் ஆதிரை அத்தையின் தோளில் தூங்கிவிட்டாள்.

நவம்பர் 13, புதன்

எதைச் சொல்ல முடியவில்லை என்று அத்தையிடம் நான் கேட்கவில்லை.

மீதி ஆணிகளை எண்ணி மெழுகுவர்த்தித் துண்டில் குத்தி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

உடம்பு முடிந்தது. இரண்டு பக்கமும் நேராக நிற்கிறது. பெயிண்ட் அடிக்க வேண்டும். மேலே கறுப்பு, அடியில் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் இடம்தான் நீர்க்கோடு. சரக்கு நிறைய ஏற்றினால் கப்பல் அமிழ்ந்து அந்தச் சிவப்பு முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும். அவர் ஏறிய புதிதில் அனுப்பிய படத்தில் சிவப்பே தெரியாது.

முகப்பின் ஓரத்தில் கீழிருந்து மேலாக வெள்ளை எண்கள் இருக்கும், எத்தனை மீட்டர் அமிழ்ந்திருக்கிறது என்று காட்ட. என் அளவில் அவை கடுகு போலத்தான் வரும், ஊசி முனையால் எழுத வேண்டும். எண்களின் வடிவம் பார்க்க இடது பக்கப் படங்களைப் பெரிதாக்கினேன்.

இரண்டு படத்திலும் தண்ணீர் நாலாம் எண்ணின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதே இடம். சிவப்பு இரண்டு ஆள் உயரத்துக்கு வெளியே தெரிகிறது. சிமெண்ட் ஏற்றிய கப்பலா இது?

தண்ணீரை ஒட்டிப் பச்சையாக ஒரு பட்டை. நிழல் என்று நினைத்திருந்தேன். இன்னும் பெரிதாக்கினேன். பாசி. ஓடுகிற கப்பலில் இப்படித் தாடி மாதிரி பாசி தொங்காது. நங்கூரச் சங்கிலி இரண்டிலும் கீழே இறங்கியிருக்கிறது. சங்கிலியிலும் பாசி.

வேறு வேறு துறைமுகம் என்றாரே.

எழுந்து போய் ஆதிரையின் மூக்கடியில் விரல் வைத்தேன். பிறகு திரும்பி வந்து தூரிகையைக் கழுவினேன்.

நவம்பர் 20, புதன்

ஏழரைக்குக் கூப்பிட்டார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மொம்பாசா துறைமுகம் தாண்டியாச்சு, நல்ல காற்று என்றார். சாப்பாடு எப்படி என்றேன். நல்லா இருக்கு என்றார். சரிங்க என்றேன்.

அவர் கெட்டிக்காரர். கரை தெரியக் கூடாது என்று படத்தை அத்தனை கவனமாக வெட்டியிருக்கிறார். ஆனால் அவர் இன்ஜின் ஆள். வெளியில் நின்று கப்பலைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கரையை மறைத்தவருக்கு, கப்பலே சொல்லிவிடும் என்று தோன்றவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அத்தை வந்தார்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்றார்கள். மொட்டை மாடியில் போன் பேசினார்கள். நான் துணி காயப்போடப் போகவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று ஈரத் துணி வாளியோடு படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தைக்கு, ஜெயந்திநாதனுக்கு, கீழ் வீட்டு அக்காவுக்கு. பிரியாணி என்றதும் சிரித்த அந்த ஆளுக்கு. நான் ஒருத்திதான் ஆப்பிரிக்கா போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் வரவில்லை. கேட்டால் என்ன ஆகும்? ஒன்றுமில்லை நிரஞ்சு, நீ பயப்படாதே என்பார். இன்னும் நல்ல பொய்யாக ஒன்று சொல்வார். படமும் வராது. எனக்குப் பொய் வேண்டாம். அவர் என்ன தின்கிறார், எங்கே படுக்கிறார் என்று தெரிய வேண்டும். நான் தாங்குவேன் என்று அவர் நம்ப வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தாங்குவேன் என்று வாயால் சொல்லி யார் நம்புவார்கள்? ஆணிக்கு ஆஸ்பத்திரி ஓடியவள் நான்.

நவம்பர் 28, வியாழன்

புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி இல்லாமல், படத்தில் இருக்கிற மாதிரியே பெயிண்ட் அடிக்கிறேன்.

சிவப்பை அடித்து, அதன்மேல் காப்பிப் பொடி கலந்த வார்னிஷைத் தொட்டுத் துரு வைத்தேன். மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து, பசை தடவி, நாலாம் எண்ணுக்குக் கீழே சுற்றிலும் பாசி ஒட்டினேன். கவரிங் செயினை அறுத்து நங்கூரச் சங்கிலி. அதிலும் பாசி. கறுப்புக் கண்ணாடித் தாளைத் தண்ணீராக விரித்து, அதில் நிற்பதுபோல அடியை மறைத்து வைத்தேன்.

அசிங்கமாக இருக்கிறது. அப்படியே அச்சாக இருக்கிறது.

நவம்பர் 30, சனி

மாலையில் படம் எடுத்து அனுப்பினேன். இடது பக்கம், முகப்பிலிருந்து. எண்கள் தெரிகிற மாதிரி. ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நீல டிக் விழுந்தது. ஏழரைக்கு அழைப்பு வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. தவறு செய்துவிட்டேனோ, தனியாக இருக்கிற மனிதனிடம் இதைப் போய்க் காட்டினேனே, கப்பலின் கைப்பிடிக் கம்பி ஓரம் போய் நிற்கிறாரோ என்று என்னென்னவோ ஓடியது. ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். எட்டரைக்குப் போன் அடித்தது.

எடுத்தேன். அங்கே காற்றுச் சத்தம்.

"எப்பம் தெரிஞ்சுது?"

"நாலாம் நம்பர்ல தண்ணி நிக்குதுங்க. ரெண்டு படத்துலயும்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் வைக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று போனைக் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன். ஆதிரை என் காதுக் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். கப்பல் முதலாளி போனை எடுப்பதில்லை. ஆளில்லாமல் கப்பலை விடக் கூடாது என்று துறைமுகத்துக்காரர்கள் இறங்கவும் விடவில்லை. ஏழு பேர் மிச்சம். டீசல் இல்லாததால் ஜெனரேட்டர் தினம் கொஞ்ச நேரம்தான் ஓடும். அப்போது போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு கூப்பிடுவது. யாரோ தர்மத்துக்கு அனுப்பும் படகில் அரிசியும் தண்ணீரும் வருகிறது. ஜெயந்திநாதன் சென்னையில் மாலுமிகள் சங்கத்துக்குத்தான் நடையாய் நடந்திருக்கிறான்.

"அம்மாதான் சொன்னா, நீ தாங்க மாட்டன்னு. பிள்ளைய வச்சுக்கிட்டு நீ பழையபடி ஆயிட்டா நான் இங்க இருந்து என்ன செய்ய முடியும், சொல்லு."

"நான் பழையபடியே ஆனாலும் பரவாயில்லைங்க. எங்கிட்ட சொல்லுங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச உங்களை எனக்கு மட்டும் தெரியாம வச்சிடாதீங்க."

பாசியை எப்படிச் செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினோம். பாட்டரி தீர்ந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

அத்தை உள்ளே வந்ததும், மாத்திரை சாப்பிட்டேன் அத்தை, அவர் பேசினார், எல்லாம் சொன்னார் என்றேன். கருப்பட்டிப் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. நின்றபடியே என் முகத்தை வெகு நேரம் பார்த்தார்கள், எங்கே உடைகிறது என்று தேடுகிற மாதிரி. பிறகு அவர்கள்தான் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாலு மாதமாகக் கோயிலில்கூட வாய்விட்டு அழவில்லையாம். யாராவது பார்த்து எனக்குச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று.

சாப்பாடு போட்டேன். பாதியில் எழுந்துவிடப் பார்த்தார்கள். உட்கார்ந்து சாப்பிடுங்க என்று அதட்டினேன். சாப்பிட்டார்கள்.

நாளைக்கு ஜெயந்திநாதனோடு நானும் சென்னை போகிறேன். சங்கத்தில் மனைவி கையெழுத்தோடு மனு கொடுத்தால் இன்னும் நல்லது என்றார்களாம். இத்தனை நாள் எனக்குப் பதில் அத்தைதான் தாய் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆதிரை இரண்டு ராத்திரி அத்தையிடம் இருப்பாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போகத்தான் போகிறேன்.

டிசம்பர் 4, புதன்

காலையில் சென்னையிலிருந்து திரும்பினேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். தூதரகத்துக்கும் ஒரு பிரதி போகும். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் என்றும் சொன்னார்கள், இழுக்கலாம் என்றும் சொன்னார்கள்.

ஏழரைக்குக் கூப்பிட்டார். பருப்பு தீர்ந்துவிட்டதாம், மூன்று நாளாகச் சோற்றில் உப்பும் மிளகாயும்தான். கால் விரலிடுக்கில் புண். எலி. எல்லாம் சொல்கிறார். ஒவ்வொன்றும் ஒரு கல் மாதிரி வந்து விழுகிறது. வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

வீடியோவில் வாருங்கள், கப்பலைக் காட்டுங்கள் என்றேன்.

"கரண்ட்டு நிப்பாட்டிட்டாவ. ஒரே இருட்டு. என்னத்தத் தெரியப் போகுது உனக்கு?"

"பரவாயில்லைங்க. காட்டுங்க."

காட்டினார். திரை முழுக்கக் கறுப்பு. இரும்புத் தரையில் அவர் செருப்புச் சத்தம் மட்டும். இது அடுப்பங்கரை என்றார். இது நாங்கள் ஏழு பேரும் சாப்பிடும் மேசை. யாரோ ஒருவர் வேற்றுமொழியில் என்னவோ சொல்ல, என் வீட்டுக்காரி என்று இவர் பதில் சொன்னது மட்டும் புரிந்தது. ஏதோ கதவு கிறீச்சிட்டது. படி ஏறினார், மூச்சு வாங்கியது. இது நான் படுக்கிற இடம், இங்கே கொஞ்சம் காற்று வரும் என்றார். கறுப்புக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. பார்த்தேன்.

கடைசியாகக் கம்பி ஓரத்துக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. அலை மோதும் சத்தம் பக்கத்தில் கேட்டது.

"கீழ தண்ணி கெடக்கு. தெரியுதா?"

"இல்லைங்க."

"எனக்கும் தெரியல" என்றார்.

சார்ஜ் தீரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.